முனிர்காவின் பன்னிரண்டு

“தில்லியில கணக்குப் புலிங்க நிறைய இருப்பாங்களே, தாங்குவியா?” என்றார் அப்பா, நான் ஊரிலிருந்து கிளம்பும்போது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சிரித்தேன்.

தில்லி முனிர்காவில் என் பக்கத்து அறையில் நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். கொண்டையில் பேனா செருகியிருப்பாள். எதையும் விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டித்தான் எண்ணுவாள்.

“‘முனிர்கா’வுல உள்ள நாலு எழுத்தையும் மாத்திப்போட்டு, தமிழ்ச்சொல் மாதிரி எத்தன எழுதலாம்?” என்றாள் நேற்று.

“இருபத்துநாலு,” என்றேன் உடனே.

“கணக்கு எம்.எஸ்சி. ஆக்கும்! ‘ர்’ல சொல்லு தொடங்குமா? ‘னி’யில?” அவள் கட்டைவிரல், விரலுக்கு மூன்று கணுவாக நான்கு விரல்களையும் ஓடி, கடைசிக் கணுவில் வந்து நின்றது. “பன்னெண்டுதான் பிள்ளே.”

அவளுக்குச் சூத்திரம் ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது.

இன்று அவள் வேலைக்குப் போனதும் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டேன்: “சாணக்யபுரி. ஆறு எழுத்து. விரல் போதாது.”