அந்த அங்கிள்கிட்ட குடுத்துருவேன்

இதைக் கதை என்று சொன்னால் வான்மதிக்குக் கோபம் வரும். நடந்தது அவளுக்கு, சொல்லத்தான் நான். பேய் என்றால் நடு ராத்திரி, நாய் ஊளை, அணைந்த விளக்கு எல்லாம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். இது பட்டப்பகலில், டெக்ஸாஸ் வெயில் மண்டையைப் பிளக்கும் ஆகஸ்ட் சனிக்கிழமையில் நடந்தது. கூப்பிடு தூரத்தில் சினிமா யூனிட்டே இருந்தது.

வான்மதிக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம், இப்போது இருப்பது டெக்ஸாஸில் ரவுண்ட் ராக். அவளுடைய மகள் வெண்பாவுக்கு நாலரை வயது. பிள்ளை தங்கம்தான், ஆனால் சாப்பிட மாட்டாள். ஒரு கிண்ணம் தயிர்சாதம் ஊட்டுவதற்குள் பொழுது போய்விடும். வாயில் வாங்கி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விழுங்காமல் டிவி பார்ப்பாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவார். வீடியோ காலில் மாமியார், "புள்ளைக்கு என்னத்தக் கண்ணு போடறே? குச்சியாட்டம் இருக்குதே" என்பார். ஆபீஸ், டேகேர், சமையல், அதற்கு மேல் இந்தத் தினசரிப் போராட்டம். வான்மதிக்குத் தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை.

கணவன் சபரிக்கோ சினிமாப் பைத்தியம். தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி விழாவுக்கு ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். டைரக்டர் ஸ்ரீநிவாஸ் கண்டுபிடித்த லொகேஷன் ரவுண்ட் ராக்கிலிருந்து இரண்டு மணி நேர டிரைவ். அந்தக் காலத்தில் எண்ணெய்க் கிணற்றில் பணம் பார்த்த ஒரு துரை, ஐரோப்பாவில் இடிந்து கிடந்த எண்ணூறு வருஷத்துத் துறவி மடத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கப்பலில் ஏற்றி வந்து, இடிந்தது இடிந்தபடியே தன் பண்ணையில் அடுக்கி வைத்திருந்தார். பணம் இருந்தால் மனிதனுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது! இப்போது அதை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

யூனிட்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனது வான்மதி. வேறு யார்? எல்லாருக்கும் எலுமிச்சை சாதம் போட்டுக் கொடுத்துவிட்டு, வெண்பாவுக்குத் தயிர்சாதக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நிழல் தேடிப் போனாள்.

நீளமான ஒரு கூடம். கூரை கிடையாது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவராகக் கல் பெஞ்சு. துறவிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட இடமாம். உள்ளே கால் வைத்ததும் வான்மதிக்கு உடம்பு சிலிர்த்தது. வெயில் நேராகத் தலையில் விழுகிறது, ஆனாலும் குளிர்கிறது. வெளியே காதைத் துளைத்த பூச்சிச் சத்தம் வாசலோடு நின்றுவிட்டது. வெளியே எலுமிச்சை சாதத்தை மொய்த்த ஈக்களில் ஒன்றுகூட இங்கே வரவில்லை.

அப்பாடா என்று உட்கார்ந்தாள். அதைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஆ காட்டு கண்ணு."

"நோ."

"ஒரே வாய், சாமி."

"ஐ டோன்ட் வான்ட் இட்!"

கிண்ணத்தைத் தட்டிவிட்டாள் வெண்பா. பாதிச் சாதம் கல்லில் சிந்தியது.

அப்போதுதான் வான்மதி அந்த ஆளைப் பார்த்தாள். கூடத்தின் மறு கோடியில், ஒரு கல் வளைவுக்குள் நின்றுகொண்டிருந்தான். தரையைத் தொடும் வெள்ளை அங்கி. முகத்தை மறைத்த முக்காடு. துறவி வேஷம். பாவம், இந்த வெயிலில் இப்படிப் போர்த்திவிட்டிருக்கிறார்களே என்று நினைத்தாள்.

அடுத்து அவள் செய்ததை நம் வீடுகளில் செய்யாத அம்மா உண்டா? போலீஸ்காரர், பூச்சாண்டி, ஊசி போடும் டாக்டர், யார் கண்ணில் பட்டாலும் பிள்ளைக்குக் காட்டிப் பயமுறுத்துவோம். பிள்ளையும் இரண்டு வாய் வாங்கும்.

"சாப்பிடலைன்னா அந்த அங்கிள்கிட்ட குடுத்துருவேன்."

வெண்பா திரும்பிப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அங்கிள், இவள நீங்களே வெச்சுக்கோங்க. எங்களுக்கு வேண்டாம். கூட்டிட்டுப் போயிருங்க!"

கூடம் எதிரொலித்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வான்மதியே என்னிடம் அழுதுகொண்டு சொன்னதுதான். அந்த ஒரு நொடி அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு அசந்து போயிருந்தாள்.

அந்த ஆள் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

தமிழ் புரிகிறதே, நம்ம ஆள்தான் போல என்று நினைத்தபடி சுவரில் சாய்ந்தாள். கண் சொக்கியது. ஒரு நிமிஷம்தான் மூடினாள்.

திறந்தபோது... பக்கத்தில் வெண்பா இல்லை.

கிண்ணமும் இல்லை.

"வெண்பா?"

வளைவை நோக்கி ஓடினாள். அவன் அங்கே இல்லை. அவன் நின்ற வளைவுக்குள் கையை நீட்டினாள்... விரல் கல்லில் இடித்தது. என்றோ அடைத்துவிட்ட வாசல் அது. வளைவோடு மட்டமாகச் சுவர். அதற்குள் ஒரு ஆள் நிற்கவே முடியாது.

பின்னால்... 'டொக்'.

கல்லில் கிண்ணம் வைக்கும் சத்தம்.

திரும்பினாள்.

தான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் வெண்பா. முதுகு நேராக. பார்வை தரையில்.

கிண்ணம் காலி. கல்லில் சிந்திய சாதத்தில் ஒரு பருக்கைகூட இல்லை.

வலது கையில் மணிக்கட்டு வரை சுற்றிய வெள்ளைத் துணி.

தொட்டாள். ஜில்லென்றது. மெழுகுவத்தி அணைந்த வாசனை.

"யாரு கண்ணு கட்டிவிட்டது?"

வெண்பா இடது கை விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள் வான்மதி. துணியை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் வீசினாள். கேமராவுக்குப் பக்கத்தில் சபரியும் ஸ்ரீநிவாஸும் நின்றிருந்தார்கள்.

"என்னங்க, அந்தச் சாமியார் டிரெஸ் போட்டவர் யாரு?"

"சாமியாரா?" என்றான் சபரி.

ஸ்ரீநிவாஸ் சிரித்தான். "அக்கா, நம்மளுது லவ் ஸ்டோரி. எல்லாருமே ஜீன்ஸ்தான்."

அன்று ராத்திரி வெண்பா தானாக வந்து உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள். பாலை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். "பாத்தியா, வெளிய கூட்டிட்டுப் போனாத் தன்னால பசிக்குது" என்றான் சபரி. எடை ஏறியது. டாக்டர் கை கொடுத்தார். மாமியாருக்கு வாயெல்லாம் பல். சாப்பிடும்போது பிள்ளை பேசுவதில்லை என்பதை வான்மதி மட்டும் கவனித்தாள். உப்பு வேண்டுமென்றால்கூட விரலால் ஏதோ ஜாடை காட்டினாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத ஜாடை.

பொறுக்க முடியாமல், மறந்து வைத்துவிட்டு வந்த கூலர் பெட்டியை எடுக்கிற சாக்கில், ஒரு நாள் தனியாக அந்தப் பண்ணைக்குப் போனாள். இடத்தைச் சுற்றிக் காட்டும் வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். அந்தக் கூடத்தில் குழந்தைகள் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள் வான்மதி.

நிறையப் பேர் இருந்தார்கள் என்றாள் அந்தப் பெண், சகஜமாக. அந்தக் காலத்தில் பெற்றோர்களே கொண்டுவந்து மடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். பிள்ளையின் கையில் உணவைக் கொடுத்து, அந்தக் கையைப் பலிபீடத்து வெள்ளைத் துணியில் சுற்றுவார்களாம். அப்பாவோ அம்மாவோ வாய்விட்டுச் சொன்னால் போதும். அதற்கப்புறம் பிள்ளை மடத்துக்குத்தான் சொந்தம்.

"திரும்பக் கேட்டா?" என்றாள் வான்மதி. ஆங்கிலம் மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் சாப்பாட்டில் ரொம்ப ஒழுங்கு, பேசவே கூடாது, மடத்துப் பெரியவர் உத்தரவு கொடுக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இப்போதும் தினமும் சாயந்திரம் வான்மதி கிண்ணத்தோடு எதிரில் உட்காருகிறாள். "ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லு கண்ணு. தட்டிவிடு. அம்மா திட்டவே மாட்டேன்" என்று கெஞ்சுகிறாள்.

வெண்பா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடிக்கிறாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தபடி காத்திருக்கிறாள்.

அங்கே யாரோ தலையை ஆட்டினால்தான்... எழுந்திருக்கிறாள்.