நூற்றுக்கு நூறு வாங்கியவள்

சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நூறு’ என்றால் அவள்தான். கம்பெனி பாடங்களைக் கம்ப்யூட்டரில் நடத்தத் தொடங்கிய பிறகு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மலைமலையாகத் துவைத்து அனுப்பும் இடத்தில் வகுப்பு நடத்த யாருக்கு நேரம்? அதனால் பாடம் வீடியோவாக வரும், முடிவில் கேள்விகள் வரும். முடிக்காதவர் பெயர் சிவப்பில் நிற்கும். சிவப்பைக் கண்டால் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். பாடத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நூறு கைவேகக்காரி. சாப்பாட்டு நேரத்தில் மூலைக் கம்ப்யூட்டரில் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறப்பாள். கேள்வி வந்ததும் டக் டக்கென்று தட்டுவாள். தப்பாகப் போனால் மறுபடி தட்டலாம், கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது. எந்தக் கேள்விக்கு எத்தனையாவது விடை என்பது பிடிபட்டதும், ஷிஃப்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவளே முடித்துக் கொடுப்பாள். டீ போட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் பாடம் போட்டாச்சா என்று கேட்பார்கள். பாஸ்வேர்டெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊருக்கே உபகாரம் செய்கிற நினைப்பில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே கூடத்தில் கறை நீக்கும் தொட்டியில் நின்றவர் அவளுடைய அண்ணி. அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இருந்தாலும் கறை நீக்கும் புது மருந்துகள் பற்றிய பாடம் வந்தபோது, இதைத் தானே பார்க்கப் போவதாகச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாக வந்து உட்கார்ந்தார்.

“நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும் அண்ணி. தள்ளுங்க, நான் போட்டுடறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு கூச்சம் இருந்தது என்பது நூறுக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு மஞ்சள் கறை போவேனா என்று அடம் பிடித்தது. பிளீச் ஊற்றிய வாளியிலேயே புதிதாக வந்த அமிலத்தையும் சேர்த்தால் சட்டென்று போய்விடும் என்று அண்ணி நினைத்தார். வாளியிலிருந்து கிளம்பிய நெடி நெஞ்சை அடைத்தது. இருமி இருமி அங்கேயே சுருண்டு விழுந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். ஆனால் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரைப் புரட்டிப் பார்த்தார்கள். அண்ணி பாடம் முடித்திருக்கிறார், நூற்றுக்கு நூறு. ஆபத்து என்று தெரிந்தே கலந்தவரை எப்படி வேலையில் வைத்திருப்பது என்று பேச்சு அடிபட்டது. கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் மார்க்கும் ஒரே கையால் வந்ததுதானே. நூறோ, வீட்டில் அண்ணன் எதிரே வந்தால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணி மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். இவளைக் கண்டதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“ஆபீஸ்லேர்ந்து கேட்டாங்க. நான்தான் பார்த்தேன், மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். நீ பயப்படாதம்மா.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நூறுக்கு. அண்ணி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, குறை சொல்வதற்காக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆவலில் கேட்டார்.

“ஆமா, அந்தப் பாடத்துல என்னதான் சொல்லியிருந்தாங்க?”

நூறு யோசித்துப் பார்த்தாள். மூன்றாவது விடை, முதல் விடை, மறுபடியும் மூன்றாவது. அதற்கு மேல் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. இத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்த பாடம் அவளுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். விசாரணையை முடிக்கப் போவதாகவும், நோயாளி வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றும் சொன்னார். அண்ணி ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். நூறு எழுந்து நின்றாள். அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

“சார், அவங்க அந்தப் பாடத்தைப் பார்க்கல. பார்க்கணும்னு வந்தவங்களைக் கிண்டல் பண்ணி அனுப்பிட்டு நான்தான் போட்டேன். நானும் பார்க்கல சார்.”