அடிபடாமல் ஓடிய எருமை

எங்கள் பாகலூர்ப் பக்கத்தில் எருது விடுவார்கள். எருமை விடும் வழக்கம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கக் கிளம்பியவர் என் தாய்மாமா. ஓசூரில் அவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த மங்களூர்க்காரர் ஒருவர், செல்போனில் எருமைப் பந்தயத்தைக் காட்டித் தொலைத்துவிட்டார். அந்தப் பொங்கலுக்கே ஏரியில் சேறு காயாத ஓரமாகப் பாதை போட்டு, கோப்பையும் வாங்கி வைத்துவிட்டார்கள்.

சாட்டை கூடாது, வாலை முறுக்கக் கூடாது என்று விழாக்குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சாட்டை இல்லாமல் எருமை எப்படி ஓடும் என்று மற்றவர்கள் தலையைச் சொறிய, மாமா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்தால் வீட்டில் யாருக்கோ வம்பு என்று அர்த்தம்.

எங்கள் எருமை அப்போதுதான் கன்று போட்டிருந்தது. முதல் நாள் சாயங்காலமே மாமா கன்றைப் பிரித்துத் தனியாகக் கட்டினார். விடியற்காலையில், பால் கறப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அம்மாவைக் கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்பினார். கறக்கவும் இல்லை, கன்றை ஊட்டவிடவும் இல்லை.

பந்தயப் பாதையின் கடைசியில் கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுப்பு எனக்கு. எட்டு வயதில் அதைவிடப் பெரிய பதவி ஏது? பசியில் கன்று கத்தியது. மற்ற எருமைகள் சேற்றில் நின்று வேடிக்கை பார்க்க, எங்களுடையது பிய்த்துக்கொண்டு வந்தது. நடுவில் சறுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து மறுபடி ஓடியது. ஓர் அடிகூட இல்லாமல் இந்த ஓட்டமா என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆச்சரியப்பட்டார்கள்.

கன்றை நோக்கி அது முகத்தை நீட்டியதும் மாமா குறுக்கே புகுந்தார்.

"உடாத பாப்பா, கெட்டியா புடி. இன்னொரு வாட்டி ஓடணும். கன்னு ஊட்டிச்சுன்னா அப்புறம் இது நகராது."

நான் பெருமையோடு கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள், வழியில் கூட்டத்தைப் பார்த்து அப்படியே வந்துவிட்டாள். நான்கு மாதத் தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு அந்த வாரம்தான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். குனிந்து எருமையின் மடியைத் தொட்டாள். அது வலியில் காலை உதறியது.

"கல்லாட்டம் இருக்குது. கறக்கவே இல்லியாடா?"

"ஒரு அடிகூட அடிக்கலக்கா. யார வேணா கேட்டுப் பாரு."

"அடிச்சிருந்தாக்கூடத் தேவலாம்டா," என்றாள் அம்மா.

என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக் கன்றை விட்டாள். அது முட்டி முட்டிக் குடித்தது. எருமை அதன் முதுகை நக்கிக்கொண்டே நின்றது. அதற்குப் பிறகு மாமா கெஞ்சியும் கொஞ்சியும் அது ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கோப்பை பக்கத்துத் தெருவுக்குப் போனது. எனக்கு அம்மாமேல் அப்படியொரு கோபம்.

கோபத்தோடுதான் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். அவள் மார்புப் பக்கம் நனைந்திருந்த உடையைக்கூட மாற்றாமல், அழுதுகொண்டிருந்த தம்பியை அப்பாவின் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தாள். அவன் மூச்சுவிடாமல் குடித்தான். அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கோப்பை கைவிட்டுப் போன துக்கம் அவளுக்கும் இருக்கிறது என்று நினைத்ததும் என் கோபம் போய்விட்டது. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த வருசம் கன்னுக்குட்டிய ரெண்டு நாள் முன்னாடியே பிரிச்சுக் கட்டிடலாம். நாமதான் ஜெயிப்போம்."