கரையிலிருந்து அடித்த ஃப்ளாஷ்

பாப்பாவுக்குக் காலையில் லேசாகக் காய்ச்சல். கடலுக்குக் கிளம்பின வீட்டுக்காரரிடம், "அங்க டவர் கிடைக்காது. காய்ச்சல் ஏறினா கரையிலேர்ந்து டார்ச் அடிக்கிறேன், உடனே வந்துடு"ன்னு சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது. நிம்மதியாகப் பாப்பாவோடு கடற்கரைக்குப் போனால், பட்டுப்புடவையில் ஒரு மாடலை வைத்து போட்டோ ஷூட். காற்றுக்கு ஃப்ளாஷ் ஸ்டாண்ட் சாய்ந்துகொண்டே இருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்றார் போட்டோகிராஃபர்.

பாப்பாவை மாடல் வாங்கிக்கொண்டாள். நான் ஃப்ளாஷைப் பிடித்தேன். பளிச், பளிச், பளிச். அது கடலுக்கும் தெரியும்னு எனக்கு உறைக்கவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கள் படகு வந்தது. அது திரும்பினதைப் பார்த்துப் பயந்து, குப்பத்துப் படகெல்லாம் பின்னாலேயே வந்தன.

"புள்ளைக்கு இன்னாடி ஆச்சு?" வீட்டுக்காரர் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார்.

பிள்ளை மாடல் இடுப்பில் உட்கார்ந்து அவள் ஆரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"செம அண்ணா! அதே பதற்றத்தோட இன்னொரு வாட்டி ஓடி வாங்க" என்றார் போட்டோகிராஃபர்.

இவர் என்னை முறைத்தார். பிறகு போட்டோகிராஃபரிடம் கேட்டார்: "லுங்கியை எறக்கி உட்டுக்கவா?"

அந்தப் படம்தான் இப்போது இவருடைய வாட்ஸ்அப் டிபி. என்னோடு மட்டும் பேச்சில்லை.

நாளைக்கும் கடலுக்குப் போகிறார். வெளிச்சம் இல்லாத சிக்னல் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கப்பா.