வெள்ளைக் கோட்டில் ஸ்டெயின்

ஸ்டெயின் என்கிற இங்கிலீஷ் வார்த்தையை என் அக்கா எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. லாண்டரிச் சீட்டில் படித்தாள். வருகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும். ஸ்பாட், மார்க், ஸ்டெயின் என்று மூன்று கட்டம். ஸ்பாட் என்றால் சொட்டு விழுந்த இடம். மார்க் மேலோடு ஒட்டியது, துடைத்தால் போய்விடும். ஸ்டெயின் நூலுக்குள் இறங்கியது, எது சிந்தியது என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. அகராதி என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது, அக்காவின் கணக்கு இதுதான்.

பத்தொன்பது வருஷமாக அவள் நீராவி இஸ்திரி மேஜையில் நிற்கிறாள். முழங்கை வரை சூடு பட்ட தழும்பு. ஒரு தடவை தச்சர் ஒருவர் சட்டையைக் கொண்டுவந்து, "இது மரத்துக்குப் பூசுற ஸ்டெயின்மா" என்றார். "நாம இதைப் போக்க முடியாம சாகுறோம், இவங்க காசு குடுத்து வாங்கிப் பூசுறாங்களாம்!" என்று அக்கா இரண்டு நாள் சிரித்தாள். நான் அவளுக்குப் பின்னால் துணி மடிக்கிற மேஜையில் இருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

கவுண்டரில் உட்காருகிறவன் மேனேஜர். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. துணி வாங்கும்போது, "இதில் ஏதாவது சிந்தியதா?" என்று கேட்டு எழுத வேண்டியது அவன் வேலை. பெரிய மனுஷர்களிடம் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று கேட்கமாட்டான். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து ஒரு கோட்டை இழுத்து 'இல்லை' என்று எழுதிவிடுவான். அக்கா பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். "சர்க்கரைத் தண்ணி காஞ்சா கண்ணுக்குத் தெரியாது சார். சூடு பட்டாத்தான் பழுப்பா வரும். கேட்டு எழுதிட்டா மொதல்ல தண்ணில எடுத்துடலாம்." அவன் போனை நோண்டிக்கொண்டே தலையாட்டுவான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைக் கோட்டு வந்தது. சீட்டில் வழக்கம்போல 'இல்லை'. அக்கா இஸ்திரியை வைத்து எடுத்தாள். மார்புப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. மேனேஜர் வந்து குதிகுதி என்று குதித்தான்.

"கருக்கிட்டியே! கண்ணு எங்க இருந்துச்சு?"

"கருகல் இல்ல சார், இது ஸ்டெயின். உள்ள இருந்தது வெளிய வந்திருக்கு."

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?"

அத்தனை பேர் முன்னாலும் கத்தினான். கவனக்குறைவால் கோட்டைக் கருக்கினாள் என்று ஒரு தாளில் எழுதினான். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அந்தத் தாள் முதலாளி கைக்குப் போனால் அவளை இஸ்திரி மேஜையிலிருந்து இறக்கிவிடுவார்கள். துணியைக் கருக்கினவள் என்று பேர் வந்துவிட்டால் வேறு எந்த லாண்டரியும் அவளை இஸ்திரிப் பெட்டியைத் தொட விடாது.

அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து அவன் தாளோடு என் மேஜைக்கு வந்தான். "நீதானே பக்கத்துல இருந்தே? சாட்சிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா நீயும் கெளம்பு."

அக்கா இஸ்திரி வைத்தபோது நான் குனிந்து போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் கோட்டுக்காரர் வந்தார். வேலைக்காரர்கள் கவுண்டருக்கு வரக் கூடாது என்பது சட்டம். அக்கா கோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நின்றாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"உள்ள போ" என்று மேனேஜர் பல்லைக் கடித்தான்.

அக்கா அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. ஈரமான வெள்ளைத் துணியைப் பழுப்பின்மேல் வைத்து அழுத்தி எடுத்தாள். துணியில் மஞ்சளாக இறங்கியிருந்தது. "கருகின இடம் இப்படிச் சாயம் விடாது சார்" என்று கோட்டுக்காரரிடம் காட்டினாள். "இதுல ஏதாவது கொட்டிச்சா?"

"ஆமாம்மா, விருந்துல இனிப்பு சோடா கொட்டிடுச்சு. கலர் இல்லாத சோடாதானே, காஞ்சிடுச்சுன்னு விட்டுட்டேன்."

"குடுக்கும்போது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையேம்மா."

மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பூசி மெழுகப் பார்த்தான், கூட்டத்தில் கேட்க மறந்துபோச்சு என்றான். அக்கா விடவில்லை. அன்றைக்குக் கூட்டமே இல்லை என்று கோட்டுக்காரரே சொல்லிவிட்டார். "தண்ணியில ஊறப்போட்டுப் பாக்கறேன் சார், முழுசாப் போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று அக்கா சொன்னதும், சரி என்று அவர் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மேனேஜர் அந்தத் தாளை எடுத்தான். "சரி விடு, கிழிச்சிடறேன். போய் வேலையப் பாரு." மன்னிப்பு என்று வாய் தவறிக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அந்த மேஜையையே கவிழ்க்கலாம் போல இருந்தது.

"கிழிக்காதீங்க" என்றாள் அக்கா. அவன் கையிலிருந்து தாளை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். சாட்சி வாங்கியது அவளுக்கு அதுவரை தெரியாது.

"நீ பாத்தியா?"

"இல்லக்கா."

"நான் கருக்கியிருப்பேன்னு நெனச்சியா?"

"இல்லக்கா."

அக்கா தாளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நீராவி சீறுகிற சத்தம் கேட்டது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.