ஆறரைக்கு வர்றேன்னு சொன்னவன்

வீட்டை விட்டுக் கிளம்புமுன் கடைசியாக என் தம்பி செய்தது, என் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதுதான். அப்போது மணி நான்கு நாற்பது. இதில் வரும் நேரங்களை மட்டும் கணினியின் பதிவைப் பார்த்து எழுதுகிறேன். மற்றதெல்லாம் என் நினைவு. ஒரு வரிகூட நான் சேர்த்ததில்லை. சேர்க்க முடிந்திருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பேன்.

நானும் அவனும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். ஒரு நிறுவனத்தின் பேசும் ஏஐ உதவியாளருக்கு நினைவூட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அந்த உதவியாளர் கேட்டதற்குப் பதில் சொல்லும். தானாக எதையும் ஞாபகம் வைத்து வந்து கேட்காது. எங்கள் கருவி, வீட்டில் யாராவது செய்கிறேன், வருகிறேன் என்று சொன்னால் அதைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். எப்போது என்று கேட்கும். அந்த நேரம் வந்ததும் உதவியாளரை எழுப்பி, "ஆச்சா?" என்று கேட்க வைக்கும். ஆகவில்லையென்றால் மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும். சொன்னவர் மட்டுமே அதை முடிக்கலாம், தள்ளிப்போடலாம். குரலை வைத்து ஆளைக் கண்டுகொள்ளும். அந்தக் குரலைச் சாட்சியாகச் சேமித்தும் வைக்கும். இந்த விதியை எழுதியது நான். இல்லாவிட்டால் நான் ஒத்துக்கொண்ட வேலைகளையெல்லாம் தம்பி "முடிஞ்சது" என்று மூடிவிட்டு, அம்மாவிடம் என்னை மாட்டிவிடுவான்.

கூடத்தில் ஒரு ஒலிபெருக்கியை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். எந்நேரமும் கேள்வி கேட்டதால் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தான்.

"வீட்டுக்கு ஒரு மருமகளக் காணோம், அதுக்குள்ள மாமியாரா?" என்றாள் அம்மா.

அன்று எனக்கு ஒரு வயர் தேவைப்பட்டது. அவன்தான் கிளம்பினான்.

"அக்கா, போயிட்டு வர்றேன்."

"எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

இருவரும் சிரித்துவிட்டோம். போகிறேன் என்று வெறுமனே சொல்ல வாய் வராமல் நாம் சொல்லும் வார்த்தை அது. கருவி அதை வாக்காக எடுத்துக்கொண்டது. நாளைக்குத் திருத்தவேண்டும் என்று குறித்து வைத்தேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "ஆறரைக்கு வந்துடறேங்க, அத்தை."

ஐந்து பத்துக்குத் தெருமுனையில் பின்னோக்கி வந்த லாரி அவன் மேல் ஏறியது. நாங்கள் போட்டது போட்டபடி ஓடினோம். ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் நின்றிருந்தோம். அவன் சட்டைப்பையில் இருந்த வயரை ஒரு தாதி என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு தினமும் ஆறரைக்கு ஒலிபெருக்கி கேட்டது. "தம்பி வர்றேன்னு சொன்னார். வந்தாச்சா?"

பதினாறாம் நாள் அந்த வரியை அழிக்க உட்கார்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி."

"வேண்டாம்மா. கேக்க முடியல."

"இந்த வீட்ல அவன் வருவானான்னு கேக்கறது அது ஒண்ணுதான்."

விட்டுவிட்டேன். அம்மாவுக்கு இதயம் பலவீனம். எனக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். படுத்தே கிடந்தவள் அந்தக் கேள்விக்காக மட்டும் எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள், ஆறரை. கேள்வி வரவில்லை.

"எட்டு நாள் தள்ளிப்போட்டிருக்கார்" என்றது.

"யாரு?"

"சொன்னவர்தான்."

நானே காரணம் ஒன்று கண்டுபிடித்தேன். தாய்க்கும் மகனுக்கும் குரலில் ஏதோ சாயல் இருக்கும், கருவி ஏமாந்திருக்கும்.

"அம்மா, அதுகிட்ட நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எதுக்குடி சொல்றேன்? அவன்தான் சொல்றானே."

சேமித்த குரலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் குரல் இருந்துவிடுமோ என்று பயம். இல்லாமல் போய்விடுமோ என்றும் பயம்.

அந்த எட்டு நாளில் அம்மா மாறினாள். நன்றாகச் சாப்பிட்டாள். தலைசீவினாள். தன் துணிகளைப் பிரித்து இரண்டாக அடுக்கினாள். அம்மா தேறிவிட்டாள் என்று மருந்துக்கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன்.

எட்டாம் நாள், ஆறரை. "நாலு நாள் தள்ளிப்போட்டிருக்கார்."

"ச்சே, இன்னுமா" என்றாள் அம்மா. மறுநாள் பீரோ சாவியை என் கையில் கொடுத்தாள். தன் செருப்பை எடுத்துப்போய் வாசலில் வைத்தாள். முனை வெளியே பார்க்க...

நான்காம் நாள். "ஒரு நாள்."

அம்மா சிரித்தாள்.

மறுநாள் மாலை எனக்கு எதுவும் ஓடவில்லை. ஆறு இருபத்தொன்பதுக்கு ஒலிபெருக்கியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

ஆறரை.

சத்தமில்லை.

"வந்துட்டியா" என்றாள் அம்மா. மெதுவாக. எதிரில் நிற்பவனிடம் பேசுவதுபோல.

எதிரில் யாருமில்லை.

என் பக்கம் திரும்பினாள். வாசலில் நின்று ஒருநாளும் அவள் சொல்லாத வார்த்தை...

"போறேன்டி."

உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அது எனக்கும் தெரியும்.

பதினோரு நாள் கழித்துப் பதிவைத் திறந்தேன். தம்பியின் பெயரில் குரல்கள் இருந்தன. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவன்தான். சந்தேகமே இல்லை.

"அம்மா இன்னும் ரெடியாகல. எட்டு நாள் ஆகும்."

"சாவிய இன்னும் அக்காகிட்ட குடுக்கல. நாலு நாள்."

"நாளைக்கு."

பிறகு, வயரைப் பிடுங்கியபின், சரியாக ஆறரைக்குப் பதிவானது. "வந்துட்டேன்மா. கிளம்பு."

இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொன்று இருந்தது. கேள்வியாக முடிந்ததால் கருவி அதை வருகையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் இறந்த அன்றே பதிவானது. மாலை ஆறு முப்பத்தொன்று.

"வந்துட்டேனே... எங்க போனீங்க எல்லாரும்? அம்மா?"

அவன் குரலுக்குப் பின்னால், பூட்டாமல் நாங்கள் விட்டுப்போன கூடத்தில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு இறக்கை வளைந்திருக்கும். சுற்றுக்கு ஒருமுறை தட்டும்.

டக்... டக்... டக்...

இப்போதும் தட்டுகிறது.