எமிலி சொன்ன ‘ஓம்’

மகனுக்கு வாங்கிவந்த புது ஹெட்செட்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தகப்பனுக்கு மூளை கழன்றுவிட்டது என்பதுபோல அவன் பார்த்தான். என்ன செய்வது, அந்தச் சாமானைக் கண்டால் எனக்குத் தேங்காய் எண்ணெய் மணக்க வேண்டும். வெள்ளவத்தையில் நாங்கள் வேலை செய்த கோல் சென்டரில் ஒரே ஹெட்செட்டை எல்லா ஷிப்ட் ஆட்களும் மாட்டுவோம். காதுப் பஞ்சில் ஊர்த் தலையெல்லாம் மணக்கும்.

இங்கிலாந்தில் வோஷிங் மெஷின் பழுதானால் எங்களுக்குத்தான் போன் வரும். கொழும்பில் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லக்கூடாது. போனில் என் பெயர் மைக். பக்கத்து நாற்காலி நிர்மலாவுக்கு எமிலி. லண்டனில் அன்று மழையா பனியா என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். வெளியே காலிக்குப் போகிற பெருவீதி வெயிலில் காயும், நாங்கள் குளிரைப் பற்றிக் குறைப்படுவோம். ஒருநாள் வீட்டிலும் போனை எடுத்து “மைக் ஸ்பீக்கிங்” என்றேன். மறுமுனையில் பெரியம்மா, ரோங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

நிர்மலா கொட்டாஞ்சேனைக்காரி. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். அவரை ஒரேயடியாகக் கூட்டிவந்துவிட வேண்டும் என்றுதான் இந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பின்னேரம் அவளுடைய கம்ப்யூட்டர் அசைய மாட்டேன் என்று நின்றது. லைனில் இருந்த கிழவர், இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவள் ஏதோ யோசனையில் ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக, வீட்டில் சொல்வதுபோல “ஓம்” என்றுவிட்டாள்.

“பிள்ளை, நீங்கள் தமிழோ?” என்றாராம். இது அவள் பிறகு சொன்னது. எனக்குக் கேட்டது அவள் பக்கம்தான்.

“ஓம் ஐயா. வெள்ளவத்தையில இருந்து கதைக்கிறன். இல்ல, இங்க மழை இல்ல. நல்ல வெயில்.”

மனைவி செத்தபிறகு அவருக்கு வீட்டில் தமிழ் கதைக்க ஆளில்லையாம். மெஷினை மறந்துவிட்டு, சந்தையில் இன்னும் யாழ்ப்பாணத்துக் கத்தரிக்காய் வருகிறதா என்று கேட்டிருக்கிறார். போனை வைக்கச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மனுசன் நல்லெண்ணத்தில் மறுநாளும் போன் எடுத்து, வெள்ளவத்தைப் பிள்ளைக்கு நன்றி சொல்லுங்கள் என்றிருக்கிறார். அதோடு அவளுடைய வேலை போனது.

பிறகு கம்பனியும் போனது. எங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கதைக்கிற நாடு ஒன்று கிடைத்ததாம். இப்போது அங்கேயும் ஆளில்லை, மெஷினே கதைக்கிறது. முன்பெல்லாம் இதை நினைத்தால் ஆத்திரம் வரும். இப்போது வெறுப்புத்தான் மிச்சம்.

தாய்க்கு முழங்கால் விட்டுப்போனபோது, குவைத் வீட்டுக்காரர் அவருக்குப் பதிலாக ஆள் கேட்டார்கள். தாய் வந்தார், மகள் போனாள்.

போன கிழமை அந்த அம்மாவைக் கொச்சிக்கடையில் பஸ்ஸுக்குள் கண்டேன். நிர்மலா எப்போது வருகிறாள் என்று கேட்டேன்.

“ஒவ்வொரு நாளும் வீடியோவில கதைக்கிறாள் தம்பி,” என்றார். “வளந்த புள்ளையோட ஒருநாள் ஒண்டா இருந்து நான் சோறு தின்னல்ல.”